நான் எண்ணெய் தேய்த்த கால்

எந்த மேட்டில் லாரியை நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கும் என் அருமை அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வயதாகிறது, தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் பாப்பாதான். அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டதால் நானே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு இப்போதுதான் வந்தேன். பயப்படாதே, பிழைத்துக்கொண்டார். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவள், இரண்டு பிள்ளைகளையும் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு இதை எடுத்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வருஷமாக அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. அழுதும் அலுத்துவிட்டது, அழாமல் இருந்தும் அலுத்துவிட்டது.

முதலில் ஊர்ச் சேதி. உன் லாரி இப்போது வேறொருத்தன் கையில். வெள்ளிமலையில் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் ஜவ்வரிசி மில்லுக்கு அதே வழியில்தான் போகிறது. கச்சிராயபாளையம் வளைவில் அவனும் உன்னைப் போலவே இரண்டு தடவை ஹார்ன் அடிக்கிறான். சத்துணவுக் கூடத்தில் சாதம் வடித்துக்கொண்டிருந்தால் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். மாற்றி அடிக்கச் சொல்லலாமா என்று கூட நினைத்தேன். பாவம், அவன் என்ன செய்வான்?

மழை இந்த வருஷமும் விடவில்லை. காய்ச்சலும் விடவில்லை. இருமல், உடம்பு வலி, மூக்கில் தண்ணீர், போன வருஷம் உனக்கு வந்ததே, அதே ஜாதி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அளந்து போட்ட அரிசி மிஞ்சுகிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் பக்கத்தில் ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். எனக்கு ரெட்டைப் பெண் பிள்ளைகள். அதுகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே மேலத்தெருவிலிருந்து ஒருத்தர் கழுத்தைக் கோணிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பச்சை உடம்புக்காரி, எழுந்துபோய்த் தேய்த்துவிட்டேன். அன்றிலிருந்து பதினேழு வருஷம். விளக்கு வைப்பதற்கு முன்னால், காய்ச்சிய எண்ணெயில், தொடர்ந்து மூன்று மாலை. அதுதான் முறை. நான் எங்கும் படிக்கவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. இரண்டாகப் பெற்றேன், அவ்வளவுதான் என் தகுதி. நீதான் கேலி செய்வாய், "இன்னொரு ரெண்டு பெத்திருந்தா ஆபரேஷனே பண்ணியிருப்ப" என்று.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்தாய். எழுந்து உட்காரக்கூட இல்லை. காய்ச்சல் விட்டது, தலைக்கு ஊற்றினாய், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். நம் வழக்கம் அதுதானே. தலைக்கு ஊற்றியாகிவிட்டால் அந்த நோய்க்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணி மட்டும் இன்னும் ஒரு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் நீ காலைத் தாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். லுங்கியைத் தூக்கிக் காட்டினாய். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்து, தொட்டால் சூடாக இருந்தது.

"இன்னாண்ணா, இந்தக் காலு மட்டும் இப்பிடி ஊதிக்கினு இருக்குது?"

"கிளச்சு மிதிக்கிற காலுதான. எட்டு நாளு படுத்துக்கினு இருந்துட்டு திடீர்னு வேல குடுத்தா கோச்சிக்கும். நீ தேச்சி வுடு, சரியாயிடும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத பாப்பா. மலைக்குப் போவ வுடமாட்டா. இன்னும் ஒரு வாரம் வூட்லயே கெடன்னுவா."

நான் சிரித்துக்கொண்டே எண்ணெயைக் காய்ச்சினேன். முட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் வரை நீவினேன். கட்டைவிரலுக்குக் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. நரம்பு சுருண்டிருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அந்த இடத்தைத்தான் விடாமல் அழுத்தினேன். மூன்று மாலை. முதல் நாள் வலியில் பல்லைக் கடித்தாய். மூன்றாம் நாள், "இதமா இருக்குது" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய்.

நான்காம் நாள் காலையில் நீ மலைக்குப் போனாய். வெள்ளிமலையிலிருந்து எனக்குப் போன் செய்தாய்.

"மூச்சு வாங்குது பாப்பா. ஒரு மூட்ட கூட நான் தூக்கல, சும்மா நின்னுகினு இருந்ததுக்கே வாங்குது."

"சளி இன்னும் உள்ள இருக்குது. மேல குளுரு ஜாஸ்தி இல்ல? சுக்குத் தண்ணி கெடச்சா குடிச்சிட்டு எறங்கு. காலு எப்பிடி?"

"காலு கம்மியாயிடுச்சி. உன் கை கைதான்."

கால் வலி குறைந்ததில் எனக்கு என்ன பெருமை தெரியுமா. அன்றைக்கு சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததற்குக்கூட அந்தப் பெருமைதான் காரணம் என்று நினைத்தேன். அந்த வலி எங்கே போயிற்று என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை.

பாதி இறக்கத்தில் நீ வண்டியை ஓரம் கட்டியிருக்கிறாய். கீழே இறங்கி, சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாய். பின்னால் ஜீப்பில் வந்தவர்கள் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓட்டினார்கள். நானும் அண்ணியும் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. உதடெல்லாம் நீலம். வாசலில் நின்ற யாரோ ஒருத்தர், "தண்ணி கிண்ணி போட்டிருந்தாரா?" என்றார். நம் பக்கத்தில் ஆம்பளை ஒருத்தன் திடீரென்று விழுந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதான். நீ சோடா தவிர எதையும் உடைத்துக் குடிக்காதவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது சொல்லப்போகிறேன் அண்ணா.

டாக்டர் அவசரமாக வந்து அண்ணியைக் கேட்டார், "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா? கால்ல வலி, வீக்கம் ஏதாவது சொன்னாரா?"

அண்ணி சொன்னார், "காய்ச்ச வந்து வுட்டுடுச்சிங்க. காலுல ஒண்ணும் இல்லீங்க."

நான் அண்ணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் விரல் இடுக்கில் முந்தின நாள் எண்ணெய் வாசனை போகவில்லை. கேட்ட கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அந்தக் காலில் ஏதோ இருக்கிறது என்று. நான் வாய் திறக்கவில்லை.

சொல்லாதே என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் சொல்லவில்லை என்று பல மாதம் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பொய். பயம், அவ்வளவுதான். அத்தனை பேர் நடுவில் "நான்தான் தேய்த்தேன்" என்று சொல்லப் பயம்.

கொஞ்ச நேரத்தில் அவர்களே உன் காலைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு காலையும் டேப் வைத்து அளந்தார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பிப்போய் நுரையீரலை அடைத்திருக்கிறது என்றார்கள். என்னென்னவோ மருந்து ஏற்றினார்கள். நீ மத்தியானம் தாண்டவில்லை. அவர்கள் காலைப் பார்க்க எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அது நான் தின்றது.

அதற்கப்புறம் நான் யாருக்கும் தேய்க்கவில்லை. மணிக்கட்டு நரம்பு பிசகிவிட்டது, கை தூக்க முடியவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். "சுளுக்கு எடுக்கறவளுக்கே சுளுக்கா" என்று சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உன் கருமாதி, மாசம், வருஷம் எல்லாவற்றிலும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கறிகாய் நறுக்கினேன். "காலுல ஒண்ணுமே இல்லியே செல்வி, எங்கருந்து வந்துச்சி அந்தக் கட்டி" என்று அவர் கேட்கும்போதெல்லாம் வெங்காயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். ஒரே கேள்வி. ஒரு வருஷத்தில் எத்தனை தடவை.

இந்த வருஷக் காய்ச்சல் அண்ணியையும் பிடித்தது. அவருக்கு சர்க்கரை வேறு. ஆறு நாளில் விட்டது. அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருமி இருமி தோளு புடிச்சிக்கிச்சி செல்வி. முதுவு வரைக்கும் இழுக்குது. கொஞ்சம் தேச்சி வுடேன்."

மழைக் குளிர். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"தேய்க்க மாட்டேன் அண்ணி. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சுளுக்குக்குப் போயி ஆஸ்பத்திரியா? கை வலின்னு ஊருக்குத்தான் சொல்ற, எனக்குமா? வாய்வுப் புடிப்புதான். மெதுவா தேய்ச்சாலே போதும்."

"மாட்டேன்."

"சரி வுடு. வூட்டுக்குப் போயி படுத்துக்கினா சரியாப்பூடும்" என்று எழுந்தார்.

போய்ப் படுத்துவிடுவார் என்று தெரிந்தது. வேறு எதைச் சொன்னாலும் கேட்கமாட்டார் என்றும் தெரிந்தது. கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அண்ணன் கால நான்தான் தேச்சேன் அண்ணி. மூணு நாளு. வீங்கிக்கினு இருந்துச்சி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. டாக்டரு கேட்டப்பவும் நான் சொல்லல. அதுக்கு மறுநாளிலருந்து யாரையும் தொடறதில்ல. உங்களயும் தொட மாட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளைப் பிடித்த கையை எடுத்துவிட்டு என்னை விலக்கிக்கொண்டு வெளியே நடக்கப் பார்த்தார். நான் காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன், ஈரத்தில். "என் மூஞ்சியில முழிக்க வேணாம், ஆட்டோல ஏறுங்க, அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க" என்றேன். எதிர்வீட்டு ஆட்டோ நின்றது. ஏறினார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். "என்னம்மா பண்ணுது?" என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் கொட்டிவிட்டேன். எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது விட்டது, சர்க்கரைக்கு என்ன மாத்திரை, தோள் எப்போதிலிருந்து, வியர்வை எப்போதிலிருந்து, எல்லாம். டாக்டர் எழுதக்கூட இல்லை, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டார். ஹார்ட் அட்டாக். ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். "சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். பக்கத்துப் படுக்கையில் கருணாபுரத்து அம்மா ஒருத்தர், சித்தாள் வேலைக்குப் போகிறவர். அவருக்கும் நெஞ்சுவலிதான், அதற்குப் பத்து நாள் முன்னால் இதே காய்ச்சல்தான். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டேன். அவர் நின்று நிதானமாகச் சொன்னார். இந்த மாதிரி வைரஸ் காய்ச்சல் நெஞ்சுச் சளியோடு நின்றுவிடுவதில்லையாம். காய்ச்சல் விட்ட பிறகும் கொஞ்ச நாளைக்கு ரத்தம் சீக்கிரம் உறையுமாம், ரத்தக் குழாய்க்குள் புண் மாதிரி இருக்குமாம். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இதயத்தில் அடைக்கலாம். அசையாமல் படுத்திருப்பவர்களுக்குக் காலில் உறையலாம். வருஷா வருஷம் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மூச்சு வாங்கினால், நெஞ்சு தோள் வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வர வேண்டும். இவ்வளவுதான் அண்ணா. சாதம் வடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயம்.

உன்னைப் பற்றியும் சொன்னேன். நான் தேய்த்ததால்தான் அந்தக் கட்டி கிளம்பியதா என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. தேய்க்காமலும் கிளம்பியிருக்கலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது."

"அன்னிக்கி கேட்டப்பவே சொல்லியிருந்தா?"

"அதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆறு நாளும், வீட்டுக்கு வந்து இந்தப் பத்து நாளும் அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன். மன்னிப்புக் கேட்கலாம்தான். எதற்கு என்று கேட்டால் எந்த ஒன்றைச் சொல்வது?

இன்று மறுபரிசோதனை. போகும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட், பேச்சில்லை. டாக்டர் பார்த்துவிட்டு இதயம் தேறி வருகிறது என்றார், பாரம் தூக்கக் கூடாது என்றார், அடுத்த புதன்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். திரும்பி வரும்போது கரும்புக் காட்டைத் தாண்டியதும் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"செல்வி."

"இன்னா அண்ணி?"

"கால தேச்சத நெனச்சி நெனச்சி பாத்துட்டேன். அது நீ தெரியாம செஞ்சது. எங்கிட்ட காட்டியிருந்தா நானும் உங்கிட்டதான் இட்டாந்திருப்பேன்."

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் முடிக்கவில்லை.

"ஆனா அன்னிக்கி டாக்டரு கேட்டாரே. அப்ப உனக்குத் தெரிஞ்சிதான இருந்துச்சி. நான் அந்த மனுசனுக்குக் காலுல ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிக்கினு இருக்கிறேன். நீ எம்முதுவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கினு இருந்த."

"ஆமாம் அண்ணி" என்றேன். ஒரு வருஷம் யோசித்து வைத்திருந்த எந்தப் பதிலும் அந்த இடத்தில் நிற்கவில்லை.

நிறுத்தத்தில் இறங்கும்போது மருந்துப் பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து போனார். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். பத்தடி பின்னால், வீடு வரைக்கும் நடந்தேன்.

அவர் கேட்டது சரிதான் அண்ணா. உனக்கும் அதே கேள்வி இருக்கும். நீ கேட்கமாட்டாய், "வுடு பாப்பா" என்பாய். அதனால்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ உடனே கொடுத்துவிடுவாய்.

நாளையிலிருந்து மணிக்கட்டு வலி என்று யாரிடமும் சொல்லமாட்டேன். சுளுக்கு என்று வந்து நிற்கிறவர்களிடம், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்பேன், ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்வேன், உன் பெயரையும் என் கையையும் சேர்த்தே சொல்வேன். தெரு என்ன பேசினாலும் பேசட்டும். புதன்கிழமை அண்ணியோடு போவேன். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் பக்கத்து சீட்டில் உட்காருவேன். டாக்டர் எதைக் கேட்டாலும், இந்தத் தடவை அண்ணிக்கு முன்னால் நின்று சொல்வேன்.

இப்படிக்கு,
அன்றைக்குப் பேசாமல் நின்ற உன் கூடப்பிறந்தவள்,
செல்வி